நெஞ்சில் நீர் கோத்தால் எந்த ஸ்கேன், எதற்கு?

(மருத்துவ உதவி பெறும் குடும்பங்களின் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு வலப்பக்க நெஞ்சில் நீர் கோத்தது. ஊசி வைத்து எடுத்தார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் கோத்தது. டி.பி.யாக இருக்கும் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். நம் நாட்டில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் டி.பி.யை நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஸ்கேன் சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதியிருந்தது. பொய்யில்லை, ஊர் திரும்பிய பின் குறுவையும் சம்பாவும்தான் அவர் பிழைப்பு. அதற்கு முன் பதினெட்டு வருடம் வளைகுடாவில், பழைய கப்பல்களின் குழாய்களில் சுற்றியிருந்த கல்நாரைப் பிரித்தெடுத்தவர் அவர். யாரும் கேட்கவில்லை. மனுவை வாங்கி வைத்த நாமும் கேட்கவில்லை. ரமலானுக்கு முன் வஃபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

கல்நார்தான் ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி மூச்சில் போய், நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய உறையில் தங்கி, பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. மீசோதீலியோமா என்று பெயர். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் முதலிய மருத்துவர்கள் 33 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகே உலகம் இதைக் கவனித்தது. வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கும் இது வந்திருக்கிறது.

எக்ஸ்ரே நீர் இருப்பதைக் காட்டும். அந்த நீரே உறையை மறைத்துவிடும். அல்ட்ராசவுண்ட், ஊசியை எங்கே வைப்பது என்று சொல்லும். முக்கியமானது மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. உறை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்து, முடிச்சு முடிச்சாக நுரையீரலைச் சுற்றி வளைத்து, இதயத்தை ஒட்டிய பக்கமும் படர்ந்திருந்தால் மருத்துவர் புற்றைச் சந்தேகிப்பார். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருந்து ஏற்றுமுன் சொல்லிவிட வேண்டும்.) மார்புச் சுவரிலோ உதரவிதானத்திலோ ஊடுருவியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும்.

பெட் ஸ்கேன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று நம் மக்களிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. சர்க்கரை போன்ற கதிர்மருந்தை அதிகம் இழுக்கும் இடங்கள் அதில் ஒளிரும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறியப் பயன்படும். ஆனால் டி.பி.யும் அதேபோல் ஒளிரும். எந்தப் படமும் தீர்ப்புச் சொல்லாது. எடுத்த நீரைச் சோதித்தாலும் பல நேரம் பிடிபடாது. சி.டி.யைப் பார்த்துக்கொண்டே ஊசியாலோ, நெஞ்சில் சிறு துளையிட்டுக் கேமராக் குழாய் வழியாகவோ சதை எடுத்துச் சோதிப்பதே முடிவு. ஆகவே இனி இரண்டாவது பெட் ஸ்கேனுக்குக் கேட்கும் மனுவைவிட பயாப்ஸிக்குக் கேட்கும் மனுவுக்கே நம் பைத்துல்மால் முதலிடம் கொடுக்கும். சிலருக்கு வருத்தம் இருக்கலாம். யோசித்தே முடிவு செய்தோம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்.

பழைய பிலிம்களைக் கடையில் போடாதீர்கள். 1995இல் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. வெளிநாட்டுக் கம்பெனி நமக்காக வைத்திருக்கும் என்று நம்ப முடியாது. பழைய பாஸ்போர்ட்டையும் வேலை அட்டையையும் வீட்டில் நாமே வைத்திருக்க வேண்டும்.

தலைக்கு மேலே இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்து இன்றே பயப்பட வேண்டாம். அறுக்கும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் தூசிதான் ஆபத்து. நீர் தெளித்து முழுதாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளை வாசலில் கொட்டி நிரவாதீர்கள், பிள்ளைகள் விளையாடும் இடம்.

நமது மருத்துவ மனுவில் ‘இதற்கு முன் எங்கே, என்ன வேலை?’ என்ற கேள்வி இம்மாதம் முதல் சேர்க்கப்பட்டுள்ளது. எழுதத் தெரியாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வந்தால் கேட்டு எழுதிக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.