வீனஸ் பூக்கூடை: ஒரு கண்ணாடிக் கடற்பஞ்சின் உடலமைப்பும் பரவலும்

யூப்ளெக்டெல்லா அஸ்பெர்ஜில்லம் மேற்குப் பசிபிக்கின் ஆழ்கடல் தரையில் வாழும் கண்ணாடிக் கடற்பஞ்சு. வீனஸ் பூக்கூடை என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. துளையுடலிகள் தொகுதியில் ஹெக்சாக்டினெல்லிடா வகுப்பையும் யூப்ளெக்டெல்லிடே குடும்பத்தையும் சேர்ந்தது. பிலிப்பீன்ஸ் கடலிலிருந்து ஹியூ கியூமிங் சேகரித்த மாதிரியைக் கொண்டு, ரிச்சர்ட் ஓவன் 1841இல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார்.

உடலமைப்பை ஒரு துறையாகவும் பரவலை வேறொரு துறையாகவும் பிரித்துப் படிக்கும் வழக்கம் இவ்வினத்துக்குப் பொருந்தாது. மென்மையான சேற்றுத் தரை, ஓயாத நீரோட்டம், அரிதாகக் கிடைக்கும் உணவு ஆகிய மூன்றும் இதன் வாழிடத்தின் இயல்புகள். உடலின் ஒவ்வொரு பகுதியும் இம்மூன்றில் ஒன்றுக்கேனும் ஈடுகொடுக்கிறது. இவ்வினத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கும் இந்த இணைப்பே அடித்தளமாக அமைய வேண்டும்.

உடல் சற்றே வளைந்த நீள்குழாய். அடியில் குறுகி மேலே அகன்றிருக்கும். வளர்ந்த மாதிரிகள் பெரும்பாலும் 10 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் உள்ளவை. குழாயின் மேல்வாயைச் சல்லடைத் தட்டு ஒன்று மூடியிருக்கிறது. பக்கச் சுவரெங்கும் சிறு திறப்புகள் உள்ளன. வெளிப்புறத்தில் மேடான விளிம்புகள் சுருளாகச் சுற்றிச் செல்கின்றன. அடிப்பகுதியிலிருந்து முடிக்கற்றை போல் இறங்கும் நுண்ணிய கண்ணாடி இழைகள், முனையிலுள்ள கொக்கிகளால் சேற்றைப் பற்றிக்கொள்கின்றன. ஒட்டிக்கொள்ளப் பாறை இல்லாத தரையில் நிமிர்ந்து நிற்பதற்கு இந்த இழைக்கற்றையே நங்கூரம்.

எலும்புச்சட்டகத்தின் அடிப்படை அலகு சிலிக்காவாலான நுண்முள். மூன்று அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கும் ஆறு கதிர் வடிவமே இவ்வகுப்பின் அடையாளம். கதிர்களிற் சில குறைந்த வடிவங்களும் உண்டு. ஒவ்வொரு நுண்முள்ளின் நடுவிலும் புரத இழை ஓடுகிறது. அதைச் சுற்றி மெல்லிய கரிம ஏடுகளால் பிரிக்கப்பட்ட சிலிக்கா அடுக்குகள் படிகின்றன. விரிசல் ஏற்பட்டால் ஏடுகள் அதைத் தடுத்துத் திசைதிருப்புகின்றன. ஆகவே கண்ணாடியாக இருந்தும் இவை எளிதில் நொறுங்குவதில்லை. மனிதர் உயர் வெப்பத்தில் உருக்கிச் செய்யும் கண்ணாடியை இவ்வுயிரி குளிர்ந்த கடல்நீரிலேயே உருவாக்கிக்கொள்கிறது.

நுண்முட்கள் நெடுக்கிலும் குறுக்கிலும் அமைந்து சதுரக் கட்டங்களாகின்றன. இரு திசைகளிலும் இரட்டை இரட்டையாகச் செல்லும் மூலைவிட்டத் தாங்கிகள் அவற்றைக் கட்டிப்பிடிக்கின்றன. இதனால் கட்டங்கள் ஒன்று திறந்தும் அடுத்தது அடைத்தும் மாறி மாறி அமைகின்றன. அதே அளவு பொருளைக் கொண்டு செய்த வழக்கமான பின்னல்களைவிட இந்த அமைப்பு வளைந்து நொடிவதை நன்கு தாங்கும் என ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். சட்டகம் நீரோட்டத்தின் இழுவிசையைக் குறைக்கிறது. அத்துடன் குழாயின் உட்புறம் மெதுவான சுழல்களை உண்டாக்குகிறது என்று 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கணினி ஆய்வு காட்டியது. உணவைப் பிடிக்கவும் இனப்பெருக்கத்துக்கும் அச்சுழல்கள் உதவக்கூடும்.

உயிருள்ள திசு இச்சட்டகத்தின்மேல் மெல்லிய வலையாகப் படர்ந்துள்ளது. பிற கடற்பஞ்சுகளைப் போலத் தனித்தனிச் செல்கள் இங்கே பெரும்பான்மை இல்லை. செல்சவ்வுகளால் பிரிக்கப்படாத, பல உட்கருக்கள் கொண்ட தொடர்திசுவே மேலோங்கியது. கசையிழைகள் நீரை உள்ளிழுக்க, பாக்டீரியாவும் நுண்ணிய கரிமத் துகள்களும் வடிகட்டப்படுகின்றன. நரம்புகள் இல்லாதபோதும் தொடர்திசுவின் வழியே மின்தூண்டல் பரவ முடியும் என்பது 1997இல் வேறொரு கண்ணாடிக் கடற்பஞ்சில் பதிவு செய்யப்பட்டது.

குழாயின் உள்ளே ஸ்பாஞ்சிகோலா பேரினத்து இறால்கள் பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக வாழ்கின்றன. இளமையில் நுழையும் இவை வளர்ந்தபின் வெளியேற இயலாது. பாதுகாப்பையும் உணவின் பங்கையும் பெற்று வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இவற்றின் குஞ்சுகளோ துளைகள் வழியே வெளியேறுகின்றன. இந்த இணைபிரியா வாழ்வின் காரணமாக, உலர்ந்த பூக்கூடையை ஜப்பானியர் மணமக்களுக்குப் பரிசளித்தனர்.

ஹெக்சாக்டினெல்லிடா வகுப்பில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாப் பெருங்கடல்களிலும் காணப்படும் இவற்றில் பெரும்பாலானவை 200 மீட்டருக்குக் கீழே வாழ்பவை. அண்டார்க்டிக் கடலிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரத்திலும் சில இனங்கள் ஆழம் குறைந்த பகுதிகளுக்கு ஏறி வருகின்றன. வீனஸ் பூக்கூடையோ பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, ஜப்பான் ஆகியவற்றை ஒட்டிய மேற்குப் பசிபிக்கில், ஏறத்தாழ 100 முதல் 1,000 மீட்டர் வரையான ஆழத்தில் நிலைகொண்டது. பிலிப்பீன்ஸின் செபு தீவைச் சுற்றிய கடல் இதற்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் ஆய்வுக் கப்பலும் அங்கே மாதிரிகளைச் சேகரித்தது. அப்பயணத்தின் கண்ணாடிக் கடற்பஞ்சுகளைப் பற்றி ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்சே எழுதிய நூல் 1887இல் வெளிவந்தது.

அருங்காட்சியகங்களில் இருக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை திசு நீங்கிய வெறும் சட்டகங்கள். சட்டகத்தை வியந்த அளவுக்கு உயிரையும் அதன் தரையையும் அறிவியல் படிக்கவில்லை. கடலடியை வாரும் இழுவலைகள் மெதுவாக உருவாகும் இவ்வாழிடங்களைச் சிதைக்கின்றன. ஆகவே எடுக்கப்படும் ஒவ்வொரு மாதிரியோடும் இடம், ஆழம், தரையின் இயல்பு, நீரோட்டம் ஆகியவை பதியப்பட வேண்டும். உடலமைப்பு ஆய்வாளரும் கடலியல் ஆய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்து அப்பதிவுகளைப் படிக்க வேண்டும்.