துக்க வீட்டில் ஒரு நாடகம்

தாயையோ தந்தையையோ இழந்து கலங்கி நிற்கும் ஒரு வீட்டின் முற்றத்தில், பாடை புறப்படுவதற்கு முந்தைய இரவு, ஊரார் கூடி அமர்ந்து ஒரு நாடகம் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார்கள் என்று சொன்னால், அதை அபசாரம் என்றே நம்மில் பலர் கருதுவோம். தென் கொரியாவின் தென்மேற்கிலுள்ள ஜிந்தோ தீவிலோ அதுவே மரியாதை. அந்த நாடகத்திற்குத் தசிரேகி என்று பெயர். நிறைந்த ஆயுளுடன் வாழ்ந்து மறைந்தவர்களின் வீட்டில் இதை ஆடுவது சம்பிரதாயம்.

கதை சற்று விரசமானது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கண் தெரியாத ஒரு கணவன், கர்ப்பிணியான மனைவி, அவளோடு கள்ள சிநேகம் கொண்ட ஒரு சந்நியாசி. போதாக்குறைக்கு, துக்கம் காக்கும் மகனைப் போல வேஷமிட்டு, மெய்யாகவே துக்கம் காக்கும் மகனைச் சிரிக்க வைக்கும் பொய்த் துக்கக்காரன் ஒருவன். முடிவில், பிரேதம் கிடக்கும் அதே வீட்டில், நாடகத்திலே ஒரு குழந்தை பிறக்கிறது. ஆம், சாவு வீட்டில் பிள்ளைப்பேறு!

நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்துக் கருமாதி இரவுகளில் கர்ண மோட்சக் கூத்து நடக்கையில், இடையே கட்டியங்காரன் புகுந்து சிரிக்க வைப்பதைக் கண்டவர்களுக்கு, துக்கத்தின் நடுவே எழும் இந்தச் சிரிப்பு அத்தனை விசித்திரமாகத் தோன்றாது. அழுகையை அவமதிக்க எழுந்த சிரிப்பல்ல அது. அழுது களைத்தவர்களைத் தாங்க எழுந்த சிரிப்பு. தசிரேகியைக் கொரிய அரசு 1985ஆம் ஆண்டில், பாதுகாக்க வேண்டிய கலைச் செல்வங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது.