பதில் தெரியலையா, கேள்வி புரியலையா?

ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "ஐடி வேலையில இருக்கேன். மானுடவியலும் கல்வியும் சேர்ந்த ஒரு முதுகலைப் படிப்பு கண்ணுல பட்டுச்சு. அதுல அப்படி என்னதான் படிப்பாங்க?"

நல்ல கேள்வி. ஆனா இந்தத் துறை புதுசு இல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்பிண்ட்லர் 1954-லேயே மானுடவியலாளர்களையும் கல்வியாளர்களையும் ஒரே மாநாட்டுல உட்கார வெச்சார். நியூயார்க்ல, கொலம்பியா பல்கலைக்கழகத்தோட டீச்சர்ஸ் காலேஜ்ல இதுக்குன்னே தனிப் பட்டப்படிப்பு இருக்கு.

சிலபஸை வாசிச்சுக் காட்டுறதை விட ஒரு ஆராய்ச்சியைச் சொல்றேன். ஷெர்லி பிரைஸ் ஹீத்னு ஒரு மானுடவியலாளர். 1969-ல இருந்து 1978 வரைக்கும் அமெரிக்காவோட கரோலினா பகுதியில, மில் தொழிலாளர்கள் வாழ்ற ரெண்டு குடியிருப்புகளுக்குப் போய்ப் பழகினாங்க. ஒண்ணு கறுப்பினத்தவர் வாழ்ற இடம், இன்னொண்ணு வெள்ளையினத்தவர் வாழ்ற இடம். ரெண்டு இனத்துக் குழந்தைகளும் அப்பதான் ஒரே பள்ளியில சேர்ந்து படிக்க ஆரம்பிச்சிருந்த காலம்.

அங்க டீச்சர்களுக்கு ஒரு குழப்பம். கறுப்பினக் குழந்தைகள்ல பலர், "இது என்ன கலர்?" மாதிரி சாதாரணக் கேள்விக்குக்கூட பதில் சொல்றதில்ல. இவங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு முடிவு பண்றது ரொம்ப சுலபம்.

ஹீத் அந்த வீடுகள்ல பேசுறதைக் கவனிச்சாங்க. அங்க பெரியவங்க, தங்களுக்கே பதில் தெரிஞ்ச கேள்வியைக் குழந்தைகிட்ட கேட்கிறது ரொம்பக் குறைவு. "அது எது மாதிரி இருக்கு?"னு ஒப்பிடச் சொல்லித்தான் கேட்பாங்க. யோசிச்சுப் பாருங்க, டீச்சர் கையிலேயே சிவப்புப் பந்து இருக்கு. அப்புறம் எதுக்கு கலர் கேட்கிறாங்க?

டீச்சர்களையும் ஹீத் தங்களோட சொந்த வீட்டுல என்ன மாதிரி கேள்வி கேட்கிறாங்கன்னு கவனிக்க வெச்சாங்க. அவங்க பிள்ளைங்க பேச ஆரம்பிக்கும்போதே அந்தப் பள்ளிக்கூடக் கேள்விகள்லதான் வளர்ந்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் சில டீச்சர்கள் பாடத்தை மாத்தினாங்க. குழந்தைகளுக்குப் பழக்கமான இடங்களோட படங்களைக் காட்டி, "இங்க என்ன நடக்குது? இது எது மாதிரி இருக்கு?"னு பேச வெச்சாங்க. பள்ளிக்கூடத்துக் கேள்விகளை அதுக்கு அப்புறம்தான் பழக்கினாங்க. பேசாத குழந்தைகள் பேசினாங்க. ஹீத் 1983-ல இதைப் புத்தகமா எழுதினாங்க.

நம்ம வேலையில, ஆப் சரியா ஓடலைன்னு யாராவது சொன்னா "யூசர் எரர்"னு டிக்கெட்டை மூடிடுவோமே, அந்தப் பழக்கத்தை இந்தப் படிப்பு உடைக்குது. ஏன்னா இங்க மூடப்படுறது டிக்கெட் இல்ல, ஒரு குழந்தையோட வருங்காலம்.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. "அவங்க கலாச்சாரமே அப்படித்தான்"னு சொன்னா அதுவும் இன்னொரு முத்திரைதான். ரே மெக்டெர்மட்டும் ஹெர்வே வரேனும் இதைக் கடுமையா விமர்சிச்சாங்க. மெக்டெர்மட் எழுதின ஒரு பையன், கற்றல் குறைபாடு உள்ளவன்னு முத்திரை குத்தப்பட்டவன். நண்பனோட சேர்ந்து சமைக்கும்போது அவனுக்குப் பெரிய சிக்கல் இல்ல. வகுப்புல சிரமம், டெஸ்ட்ல அதைவிடச் சிரமம். பையன் ஒருத்தன்தான், சுத்தி இருக்கிற ஏற்பாடுதான் மாறுது. அப்போ குறைபாடு அவனுக்குள்ள மட்டும்தான் இருக்கா?

இப்போ நடைமுறை விஷயம். இதுல முக்கியமான வேலை களப்பணி. ஒரே இடத்துல மாசக்கணக்கா உட்கார்ந்து கவனிக்கணும், தினமும் குறிப்பு எழுதணும். டேஷ்போர்டு கிடையாது. அமெரிக்காவுல முதுகலைக்குப் பெரும்பாலும் நம்ம கையிலிருந்துதான் கட்டணம் கட்டணும். உதவித்தொகை கிடைக்கிற வாய்ப்பு பிஎச்டிக்குத்தான் அதிகம். ஐடி சம்பளத்தோட ஒப்பிட்டா கணக்கு இடிக்கும்.

அதனால விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க. அனுமதி வாங்கிட்டு, ஏதாவது ஒரு வகுப்புல ஒரு மணி நேரம் பின்னாடி உட்காருங்க. டீச்சர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் எழுதுங்க. எந்தக் கேள்விக்கு அவங்களுக்கே பதில் தெரியாதோ, அதுக்குப் பக்கத்துல ஒரு டிக் போடுங்க. நோட்டை மூடினதும் இன்னொரு நாளும் போகணும்னு தோணுச்சுன்னா, விண்ணப்பத்தைத் தாராளமா நிரப்பலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.