விக்கெட்டுக்குப் பின்னால் இருந்தவன்

(புழல் பகுதி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'எனக்குப் பாடம் சொன்ன மாணவன்' என்று பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் விக்கெட் கீப்பர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்கு டீச்சர் கிரிக்கெட் பேசுகிறாரே என்று பின்வரிசையில் பி.டி. சார் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். மூன்று வருடத்துக்கு முன்பு எனக்கு ஸ்டம்புக்கும் பெயிலுக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்போது என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். கணக்கில் முப்பது மார்க்கைத் தாண்டியதில்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு காலி மனையில் தினமும் சாயங்காலம் வெறுங்கையில் கீப்பிங் செய்வான். பள்ளி அணியிலும் அவன்தான் கீப்பர். அந்த வருடம் குறுவட்டப் போட்டி அன்று பி.டி. சாருக்கு வேறு பணி. அணியை அழைத்துப் போனது நான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு பத்தாம் வகுப்புப் பையன்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "மிஸ், அவன் பேட்டிங் ஆட மாட்டான் மிஸ். இவன் கீப்பிங்கும் பண்ணுவான், சிக்ஸும் அடிப்பான்" என்றார்கள். எனக்கு அது சரியான கணக்காகத்தான் பட்டது. கையுறையை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, "நீ எக்ஸ்ட்ராவா இருப்பா" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்கினான்.

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய், புதனும் இல்லை. அம்மாவின் போன் எடுக்கப்படவில்லை. அடுத்த வாரம் வீடு தேடிப் போனபோதுதான் தெரிந்தது, பையன் ஜி.என்.டி. சாலைப் பக்கம் ஒரு கிடங்கில் லோடு இறக்கப் போகிறான் என்று. "வேணாம்னுதான் சொல்றேன் மிஸ். ஆனா அவன் கொண்டு வர்ற காசு உதவியாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. பொய் சொல்லாத அம்மா. அவர்கள் வீட்டுச் சுவரில் செய்தித்தாளில் கிழித்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. இருட்டிய பிறகு பையன் வந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், படத்தைக் காட்டி யார் என்று கேட்டேன். "தினேஷ் கார்த்திக் மிஸ். இவரையும்தான் உக்கார வச்சாங்க."

அன்று இரவுதான் தினேஷ் கார்த்திக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். இங்கே பலருக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன்.

1985-இல் சென்னையில் பிறந்தவர். 2004 செப்டம்பரில், 19 வயதில், லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டி. அதிலேயே அவர்களுடைய கேப்டன் மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்தார். நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுடன் முதல் டெஸ்ட். ஓராண்டில் பத்து டெஸ்ட் ஆடிவிட்டார். 2005 டிசம்பரில் அவருடைய இடத்தில் இன்னொரு கீப்பர் வந்தார். அவர் பெயர் மகேந்திர சிங் தோனி. தோனி முதல் டெஸ்ட் ஆடிய மைதானம் எது தெரியுமா? சேப்பாக்கம். கார்த்திக்கின் சொந்த ஊர்.

அதன் பிறகு தோனி ஒன்பது ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தார். கார்த்திக் என்ன செய்தார்? 2007-இல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். கீப்பிங் தோனி, தொடக்கம் கார்த்திக். அந்த டெஸ்ட் தொடரில் இந்தியத் தரப்பில் அதிக ரன் எடுத்தவர் அவர்தான், 263. இங்கிலாந்து மண்ணில் 21 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா வென்ற தொடர் அது. 2010 தொடக்கத்தில் மறுபடி டெஸ்ட் அணிக்கு வெளியே. திரும்ப டெஸ்ட் ஆடியது 2018 ஜூனில், பெங்களூரில், ஆப்கானிஸ்தானுடன். இடையில் இந்தியா ஆடிய 87 டெஸ்டுகளில் அவர் இல்லை.

அதே 2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துடன் நடந்த நிதாஹஸ் கோப்பை இறுதிப் போட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 12 பந்தில் 34 ரன் வேண்டும் என்ற நிலையில் உள்ளே வந்தார். கடைசிப் பந்தில் 5 ரன் தேவை. சிக்ஸர். 8 பந்தில் 29. 2021-இல் இங்கிலாந்தில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர், 2022-இல் 37 வயதில் இந்திய டி20 அணிக்குத் திரும்பி, அந்த வகை ஆட்டத்தில் தன் முதல் அரைசதத்தை அடித்தார். 2024 ஜூன் 1, 39-ஆவது பிறந்தநாளன்று, ஓய்வை அறிவித்தார்.

இதைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நானும் மறுநாள் அந்தப் பையனிடம் அப்படித்தான் சொல்லப் போனேன்: பார், அவர் எப்படிக் காத்திருந்தார்! போகிற வழியிலேயே அது தப்பு என்று உறைத்தது. கார்த்திக் சும்மா காத்திருக்கவில்லை. இந்திய அணியில் இல்லாதபோது அவருக்குத் தமிழ்நாடு அணி இருந்தது, ரஞ்சி இருந்தது, ஐ.பி.எல். இருந்தது. ஒரு கதவு சாத்தினால் போய் ஆட வேறு மைதானம் இருந்தது. என் மாணவனுக்கு இருந்தது ஒரே ஒரு கையுறை. அதையும் நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிறகு அவனுக்குத் திறந்திருந்த வேறு மைதானம் அந்தக் கிடங்குதான். வளர்ந்த மனிதர் எட்டு வருடம் காத்திருக்கலாம். பதினான்கு வயதுப் பையனுக்கு எட்டு நாள் அதிகம்.

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்திலும் கீப்பர் மாதிரி ஒருவர் உண்டு. 'கேட்சர்' என்பார்கள். முகக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருப்பார். பந்து எறிபவருக்கு விரல்களால் சைகை காட்டி, அடுத்து எந்த வகைப் பந்து என்று நெடுங்காலம் சொல்லி வந்தவர் அவரே. யோகி பெர்ரா என்று புகழ்பெற்ற கேட்சர் ஒருவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிற்பாடு ஆட்டக்காரராகப் பத்து முறை உலகத் தொடர் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். பள்ளியை விட்டதால் வென்றார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்! நமக்கு எமிஸில் இடைநிற்றல் பட்டியல் நிரப்பவே நேரம் போதவில்லை.

கார்த்திக்குக்கும் பெர்ராவுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. களத்தில் மற்ற எல்லோரும் மட்டையடிப்பவரைப் பார்த்து நிற்பார்கள். முழுக் களத்தையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருப்பவர் இவர். டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர் என்றால் 540 பந்து. 540 முறை உட்கார்ந்து எழ வேண்டும். 539-ஐ ஒழுங்காகப் பிடித்தால் யாரும் பேச மாட்டார்கள்.

அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவன் அம்மா எதிரிலேயே. அவன் தலையைக் குனிந்துகொண்டான். சரி என்றும் சொல்லவில்லை. பதினோரு பள்ளி நாள் போன பிறகு, ஒரு வியாழக்கிழமை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பி.டி. சார் கையுறையை அவனிடமே கொடுத்துவிட்டார். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மதியம் வகுப்பு முடிந்ததும் அவனை நிறுத்தி, "நீ பின்னாடி இருந்து எல்லாத்தையும் பாக்கறவன்தானே, என் கிளாஸ்ல என்ன பாக்கறே?" என்று கேட்டேன். முதலில் தயங்கினான். பிறகு சொன்னான்: "ரெண்டு மணிக்கு மேல ஜன்னல் வெயில் போர்டுல அடிக்குது மிஸ். இந்த வரிசைல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதான் பேசிட்டு இருக்காங்க. நீங்க அவங்களத்தான் திட்டறீங்க."

மறுநாள் இரண்டு மணிக்கு அந்த வரிசையில் போய் நானே உட்கார்ந்து பார்த்தேன். பலகையில் நான் எழுதியிருந்த பல்லுறுப்புக் கோவையில் பாதி தெரியவில்லை. அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் இன்னும் நாலு பையன்களுமாகச் சேர்ந்து பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டோம். எது எங்கே வர வேண்டும் என்று பின்னால் நின்றபடி அவன்தான் கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.