நம்ம அளவுக்கு ஒரு லைப் ஜாக்கெட்

(சுற்றுலாவுக்கு முந்தைய கூட்டமைப்புக் கூட்டத்தில் பயணக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த எடுப்பு முடிந்து அடுத்த எடுப்பு வருவதற்குள் எல்லோரும் சேர்ந்து தேக்கடிக்குப் போய்ப் படகு ஏறுவது என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். வண்டி வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் பொருளாளர் அக்கா வாசித்துவிட்டார். பயணக் குழுவில் இருக்கும் நாங்கள் பேச வந்தது வேறு விஷயம். படகில் போடுகிற லைப் ஜாக்கெட்டைப் பற்றி.

"இதுக்கெல்லாமா ஒரு பேச்சு?" என்று பின்னால் சிரிக்கிறது கேட்கிறது. சிரியுங்கள். நாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் சிரித்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் குழு ஒரு ஏரிக்குப் போனது. ஊர்ப் பெயர் வேண்டாம். படகுத்துறையில் ஜாக்கெட் குவித்துக் கிடந்தது. எல்லாம் ஒரே அளவு. ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிப் போட்டார்கள். தோளில் மாட்டினோம், நெஞ்சில் ஒரே ஒரு கொக்கியை மட்டும் போட்டோம், இடுப்புப் பட்டையைத் தொங்கவிட்டோம். இறுக்கிக் கட்ட வெட்கம். சுற்றிலும் ஆம்பளைகள் நிற்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். சேலைக்கு மேலே நெஞ்சோடு இறுக்கிக் கட்டினால் ஒரு மாதிரி இருக்கிறது என்று நினைத்தோம்.

சவாரி நன்றாகத்தான் முடிந்தது. இறங்கும்போது பலகைக்கும் படகுக்கும் நடுவில் எங்கள் அக்கா ஒருத்தி கால் வழுக்கி விழுந்துவிட்டார். அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். ஜாக்கெட் மிதந்தது. அக்கா மிதக்கவில்லை. ஜாக்கெட் மேலே ஏறிக் காதையும் வாயையும் மூடிக்கொண்டது. கை இரண்டும் மேலே மாட்டிக்கொண்டது. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டது. இரண்டு பேர் குதித்துத் தூக்கினார்கள். உயிர் பிழைத்தது அவர்கள் புண்ணியம். அந்த அக்கா இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "தண்ணியை விட அந்தச் சட்டைதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

அதனால்தான் இந்தப் பேச்சு.

நடந்ததை மறக்கக் கூடாது

நாம் போகப்போகிற தேக்கடி ஏரி நமக்கு அந்நியம் இல்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் உண்டான ஏரி அது. அதன் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் தேனி மாவட்டத்து வயலுக்கு வருகிறது. அதே ஏரியில் 30.9.2009 அன்று சாயங்காலம் 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். கரையில் மிருகம் தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் படகு கவிழ்ந்தது என்று அப்போது செய்தி வந்தது. படகில் வந்தவர்கள் பெரும்பாலும் ஜாக்கெட் போடாமல் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ஆளுக்கு ஒரு ஜாக்கெட் என்பது கண்டிப்பானது.

7.5.2023 அன்று கேரளாவில் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் நிறைய. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு அது.

ஆக, ஜாக்கெட் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் போட்டால் மட்டும் போதுமா? போதாது. அது நம்ம உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும்.

ஜாக்கெட் எப்படித் தாங்குகிறது?

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கிறவரை லேசாக இருக்கும். வெளியே வந்ததும் கை இழுக்கும். நம் உடம்பும் அப்படித்தான். 60 கிலோ எடை உள்ள பெண்ணுக்குத் தண்ணீரில் தலை வெளியே நிற்க, கூடுதலாக நாலைந்து கிலோ தூக்குகிற சக்தி இருந்தால் போதும். ஜாக்கெட்டின் உள்பக்கச் சீட்டில் 50, 100, 150 என்று எண் போட்டிருக்கும். அது நியூட்டன் கணக்கு. 100 என்றால் ஏறக்குறைய 10 கிலோவைத் தூக்கும். 50 என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கு, கரைக்குப் பக்கத்தில். நீச்சல் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு 100-க்குக் குறையக் கூடாது.

அப்படியானால் அன்றைக்கு அக்காவுக்கு நடந்தது சக்திக் குறைவால் இல்லை. கட்டாத ஜாக்கெட் தன்னை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே போனது. கட்டிய ஜாக்கெட்தான் ஆளையும் சேர்த்துத் தூக்கும்.

பொம்பளைகளுக்கு ஏன் சரியாக உட்காருவதில்லை?

பொது அளவு என்று தைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆண் உடம்பை மனதில் வைத்துத்தான். நமக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை உயரம் குறைவு. தோள் குறுகல். மார்பு முன்னே நிற்கும். இடுப்பு அகலம். அதனால் நீள ஜாக்கெட் போட்டு உட்கார்ந்தால் அதன் கீழ் விளிம்பு தொடையில் முட்டி, முழுதையும் மேலே தள்ளும். தோள் பட்டை வழுக்கும். மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு முன்பக்கம் விறைத்து நின்று இடுப்பில் இடைவெளி விழும். இது நம் உடம்பின் குறை இல்லை. தைத்தவரின் அளவு அது.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

1. முதலில் சீட்டைப் பாருங்கள். எத்தனை கிலோ ஆளுக்கு, எத்தனை மார்புச் சுற்றளவுக்கு என்று போட்டிருக்கும். நம் எடையும் மார்பு அளவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு நசுங்கித் தட்டையாகி இருந்தாலும், தண்ணீர் ஊறிக் கனத்தாலும் வேண்டாம். கொக்கி உடைந்தது, பட்டை கிழிந்தது, ஜிப் சிக்கியது எதுவும் வேண்டாம்.

3. இடுப்புப் பட்டையை முதலில் கட்டுங்கள், பிறகு மேலே வாருங்கள். ஜாக்கெட்டை மேலே ஏறவிடாமல் பிடித்து நிறுத்துவது இடுப்புப் பட்டைதான்.

4. பக்கவாட்டில் இறுக்குகிற பட்டை உள்ள ஜாக்கெட், முன்பக்கம் ஒரே பலகையாக இல்லாமல் இரண்டு மூன்று துண்டாக மடங்குகிற ஜாக்கெட், இவை மார்புக்கு மேல் ஒழுங்காக உட்காரும்.

5. மூச்சை முழுதாக இழுத்துப் பாருங்கள். மூச்சு முட்டக் கூடாது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம். கை நுழைந்தால் தளர்வு.

6. இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் தோள் பக்கத்தைப் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் நாடிக்கும் காதுக்கும் வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

7. உட்கார்ந்து பாருங்கள். படகில் உட்கார்ந்துதானே போகப் போகிறோம்? கடையில் நின்றபடியே பார்த்து வாங்கியது படகில் தொடையில் முட்டும்.

8. குழந்தைக்குக் குழந்தை ஜாக்கெட்தான். கழுத்துப் பின்னால் தாங்கலும், பிடித்துத் தூக்க ஒரு பிடியும், கால் நடுவில் போகும் பட்டையும் இருக்க வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைச் சுருட்டிக் குழந்தைக்குக் கட்டினால் குழந்தை கீழே வழுக்கிவிடும். நம் ஜாக்கெட்டுக்குள் குழந்தையைச் சேர்த்து வைத்துக் கட்டவும் கூடாது.

வெட்கத்துக்கு என்ன வழி?

இதுதான் உண்மையான பிரச்சினை. கட்டத் தெரியாமல் யாரும் இல்லை. கூச்சப்பட்டுத்தான் கட்டாமல் விடுகிறோம். எங்கள் குழு கண்ட வழி இது: இரண்டிரண்டு பேராகச் சேருங்கள். ஒருவருக்கு ஒருவர் கட்டிவிடுங்கள், இழுத்துப் பாருங்கள். வேற்று ஆள் வந்து தொட்டு இறுக்க வேண்டிய அவசியமே இல்லை. முடிந்தவர்கள் அன்றைக்குச் சுடிதார் போட்டு வாருங்கள். துப்பட்டாவைப் பையில் வையுங்கள். சேலைதான் கட்டுவேன் என்கிற பெரியம்மாக்கள் முந்தானையை இடுப்பில் செருகி, ஜாக்கெட்டை அதற்கு மேலே போட வேண்டும். ஜாக்கெட்டுக்கு மேலே முந்தானை வரவே கூடாது.

போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டாள்: "டிவியில கடலுக்கு அடியில போறவங்க போட்டிருக்காங்களே, அதுவும் இதுதானா?" இல்லை தங்கச்சி. அதை பி.சி.டி. என்பார்கள். அதற்குள் காற்றுப் பை இருக்கும். முதுகில் கட்டிய சிலிண்டரிலிருந்து காற்றை விட்டால் மேலே வரலாம், காற்றைத் திறந்துவிட்டால் கீழே போகலாம். பயிற்சி எடுத்தவர்களுக்கு உரியது. மயங்கிய ஆளை முகம் மேலே இருக்கும்படி அது கட்டாயம் திருப்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதிலும் நம்ம கதைதான். ஆம்பளை அளவைப் பெண்கள் போட்டால் தோள் பட்டை வழுக்கும், சிலிண்டர் முதுகில் ஆடும், சட்டை காதுவரை ஏறும். அதனால் உயரம் குறைத்து, தோள் பட்டையை வளைத்து, நெஞ்சுப் பட்டையை மாற்றிப் பெண்களுக்கென்றே தனியாகத் தைக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் தண்ணீருக்குள் போனார்கள், கேட்டார்கள், கிடைத்தது. கேட்டால்தான் கிடைக்கும்.

மலையிலும் இதே கதைதான்

போடிமெட்டு ஏறிப் போகிற நமக்கு இது படகோடு முடிகிற விஷயமா? எட்டாம் நம்பர் பூட்ஸைக் கொடுத்து, ஐந்தாம் நம்பர் காலை அதற்குள் விட்டு, ஏலச் சரிவில் வழுக்கி விழுந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? முழங்காலுக்குக் கீழே இழுபடுகிற மழைக்கோட்டைக் கழற்றி வீசிவிட்டுச் சாக்குக் கொங்காணியே மேல் என்று போனவர்கள் எத்தனை பேர்? விரல் நுனி தொங்குகிற கையுறையோடு மருந்து கலக்கியவர்கள்? "கொடுத்தாச்சு" என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பொருந்தாத பாதுகாப்பைக் கொடுத்தால் அது கொடுத்த கணக்கில் வராது. இதை நாம் சேர்ந்து சொல்ல வேண்டும். தனியாகச் சொன்னால் "இவளுக்கு எல்லாமே நொட்டை" என்பார்கள். இருபது பேர் சேர்ந்து சொன்னால் அளவெடுக்க வருவார்கள்.

நாம் செய்ய வேண்டியது

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் உறுப்பினர்களின் எடை, மார்பு அளவு, கூட வரும் குழந்தைகளின் எடை ஆகியவற்றைக் குறித்து எங்களிடம் தர வேண்டும். ரவிக்கை தைக்கிற நம் தங்கச்சியிடம் இஞ்சு டேப் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துப் படகுத்துறையில் முன்கூட்டியே கேட்போம்.

படகில் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடக் கூடாது, யானை வந்தாலும் சரி. கரையில் கால் வைக்கிறவரை ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. எங்கள் அக்கா விழுந்தது இறங்கும்போதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அங்கே போய் நம்மில் ஒருத்திக்கு அளவு ஜாக்கெட் இல்லை என்றால், அவளைக் கரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறக் கூடாது. எல்லோரும் நின்று கேட்போம். கிடைத்தால் எல்லோரும் ஏறுவோம். கிடைக்கவில்லை என்றால் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு வருவோம். டிக்கெட் காசு போனால் அடுத்த மாதச் சந்தாவில் பார்த்துக்கொள்ளலாம்.

இதை நம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதல் கையெழுத்து மூன்றாவது வரிசையில் இருக்கும் நம் அக்காவுடையதாக இருக்கட்டும்.