பிழைக்கத் தெரியாதவரா கக்கன்?

இன்று ஜூன் 18. நம்ம தும்பைப்பட்டிக் கக்கன் பிறந்த நாள். காலையிலேயே மணிமண்டபத்துக்குப் போயிருந்தேன். ஒரு கூட்டம் வருகிறது, மாலை போடுகிறது, படம் எடுக்கிறது, போகிறது. அடுத்த கூட்டம் வருகிறது. முதலில் போட்ட மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தன் மாலையைப் போடுகிறது. சரி, அது அவர்கள் பழக்கம். ஆனால் ஒரு பெரிய மனிதர், பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும், மைக்கைப் பிடித்து என்ன சொன்னார் தெரியுமா? "கக்கன் ஐயா பாவம், பிழைக்கத் தெரியாத மனுசன்." சொல்லிவிட்டு "ச்சு" கொட்டினார். சுற்றி நின்றவர்களும் "ச்சு" கொட்டினார்கள்.

காலை எட்டரை மணிக்குக் கேட்ட சொல். இப்போது மணி ஏழு. இன்னும் என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

பிழைக்கத் தெரியாதவரா? கிராமக் கோயில் பூசாரி மகன். ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளி இறக்க முடியாத காலத்தில் சேரியில் பிறந்தவர். அந்த மனிதர் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார். இந்த நாட்டின் சட்டப் புத்தகம் எழுதப்பட்ட அவையிலே ஐயா! 1952-இல் மதுரையிலிருந்து எம்.பி. காமராஜர் 1954-இல் முதலமைச்சர் ஆனதும், அவர் வகித்த மாநிலக் காங்கிரஸ் தலைவர் நாற்காலி யாருக்கு வந்தது? கக்கனுக்கு. 1957 முதல் 1967 வரை பத்து வருஷம் மந்திரி. பொதுப்பணி, அரிசன நலம், விவசாயம், பிறகு உள்துறை. போலீஸ் முழுக்க அவர் கையில். இவரைப் பார்த்தா பிழைக்கத் தெரியாதவர் என்கிறாய்? தனக்கு எடுத்து வைத்துக்கொள்ளாதவனுக்கு உன் அகராதியில் அதுதான் பெயர் என்றால், அந்த அகராதியைக் கொண்டுபோய்க் கண்மாயில் போடு!

(கைதட்டாதீர்கள், இருங்கள். இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.)

எங்கள் அப்பா மடைக்காரர். நீர்ப்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறக்கிற, மூடுகிற ஆள். யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று அவர் மனசில் கணக்கு இருக்கும். கூலி, களத்தில் அளக்கிற நெல். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று கேட்டால், கேரளத்து மலையில் தொடங்குவார். பெரியாறு அணை, 1895, மலையைக் குடைந்த சுரங்கம், சுருளியாறு, வைகை, பேரணை, அங்கே பிரிகிற பெரியாறு பெரிய கால்வாய், கள்ளந்திரி, அப்புறம் நம்ம மேலூர். கடைசியில் நாம்தான். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதற்கு இந்தப் பக்கம் மேலூர்ச் சீமை 85,000 ஏக்கருக்கு மேல், எல்லாம் ஒருபோகம். தலைமடைக்காரன் குளித்து, குடித்து, மாட்டைக் கழுவி விட்ட பிறகு மிச்சம்தான் கடைமடைக்காரனுக்கு. இது யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் இதற்காக ஒரு சண்டை நடந்திருக்கும்.

வைகை அணை வருவதற்கு முன்னால், மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரைப் பேரணையில் மறித்துத் திருப்பிவிடலாம், அவ்வளவுதான். மலைக்குக் கீழே தேக்கி வைக்க இடம் கிடையாது. ஆற்றில் வெள்ளம் வந்தால் கண் முன்னாலேயே போகும். வெள்ளம் வடிந்தால் கால்வாய் காயும். அணை வந்த பிறகுதான் தண்ணீரைப் பிடித்து வைத்து முறை போட்டுக் கொடுக்க முடிந்தது. 111 அடி உயரம், 71 அடிக்குத் தண்ணீர் நிறுத்தலாம். 1959 ஜனவரியில் காமராஜர் திறந்தார். அன்று பொதுப்பணித் துறை மந்திரி யார்? கடைமடை ஊர்க்காரர் கக்கன்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அணை வேலை தொடங்கியபோது அவர் மந்திரி இல்லை, டெல்லியில் எம்.பி. தொடங்கி வைத்தவர்கள் வேறு. முடித்துக் கொடுத்தவர் இவர். சாத்தனூர், கிருஷ்ணகிரி, மணிமுத்தாறு என்று அந்தக் காலத்தில் எழுந்த அணைகள் எத்தனை! பரம்பிக்குளம் ஆழியாறு வேலையும் அப்போது தொடங்கியதுதான். எல்லாவற்றையும் தனி ஆளாய்க் கக்கனே கட்டினார் என்று சொன்னால் அது பொய். காமராஜர் இருந்தார், இன்ஜினியர்கள் இருந்தார்கள், பேர் தெரியாத கல் உடைக்கிற சனம் இருந்தது. ஆனால் அந்தக் கோப்புகள் நகர்ந்த மேசை இவருடையது. நான் கேட்கிறேன், இந்த மேசையைப் பற்றி எந்த மேடையிலாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா? கேட்டதெல்லாம் கிழிந்த சட்டை, டவுன் பஸ், ஆஸ்பத்திரிக் கட்டில். மூன்றே காட்சி. அத்தோடு கக்கன் முடிந்துபோனார்!

என்ன தம்பி, அங்கிருந்து கை காட்டுகிறாய்? கோயில் கதையா? சொல்கிறேன்.

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி கோயில். வக்கீல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்கள் சிலரையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போகிறார். அந்தச் சிலரில் ஒருவர் கக்கன். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்கிறார். தடுக்கிறவர்களுக்கு எச்சரிக்கை விட்டுப் பக்கபலமாக நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். கோயில் தீட்டாகிவிட்டது என்று கதவைப் பூட்டிவிட்டுப் போன பட்டர்களும் உண்டு. ஐயர் மேல் வழக்கு வராமல் இருக்க ராஜாஜி அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. இவ்வளவும் எதற்கு? ஒரு மனிதன் தன் ஊர் அம்மனை நேரே நின்று பார்ப்பதற்கு!

அந்த வாசற்படியில் கால் வைக்கும்போது கக்கன் என்ன நினைத்திருப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அப்பன் ஊர்க் கோயில் பூசாரி. சாமிக்குப் பூப் போட்ட கை. அந்தக் கைக்குப் பிறந்த பிள்ளை, மதுரையில் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. 1955-இல் வைத்தியநாத ஐயர் காலமாகிறார். கக்கன் தலையை மொட்டை அடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். அப்போது அவர் எம்.பி., மாநிலக் காங்கிரஸ் தலைவர். ஐயரின் உறவுக்காரர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஐயர் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? இவரும் எங்கள் அப்பாவுக்கு ஒரு மகன்தான் என்று தங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள். தாய்மார்களே, நம்ம ஊர்களில் கொள்ளி வைக்கிற உரிமை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பங்காளிச் சண்டையில் வெட்டுக் குத்து நடக்கிற விஷயம் அது. அக்கிரகாரத்து வீட்டுச் சாவில் சேரிப் பிள்ளை மகன் முறையில் நின்றது இந்த மதுரையில்தான். எழுபது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு எத்தனை வீட்டில் நடக்கும், கையை உயர்த்துங்கள் பார்ப்போம்!

பார்த்தீர்களா. இப்போது கைதட்டல் இல்லை.

தலைவர் துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டார். ஐந்து நிமிஷம் என்று எழுதியிருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் 1967-ஐச் சொல்ல முடியுமா தலைவரே? முயற்சி செய்கிறேன்.

1967 தேர்தல். மேலூர் தெற்கு. கக்கன் நிற்கிறார், சொந்த மண்ணில். தோற்கிறார். தி.மு.க.வின் ஓ.பி. ராமன் ஜெயிக்கிறார். தோற்கடித்தது யார்? எதிர்க்கட்சி மேல் பழி போடாதீர்கள். நாம். நம் அப்பா, நம் தாத்தா.

ஏன் தோற்கடித்தோம் என்பதையும் மறைக்காமல் பேசுவோம். அரிசி இல்லை. ரேஷன் கடை வாசலில் பொழுது விடிந்தது. தி.மு.க. பக்கம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1965-இல், இந்தியை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பெற்ற வயிறு மறக்குமா? அப்போது உள்துறை மந்திரி கக்கன்தான். சுடச் சொன்ன உத்தரவு எந்த மேசையிலிருந்து போனாலும், அந்த நாற்காலியில் இருந்தவர் பொறுப்பு ஏற்றுத்தான் ஆக வேண்டும். கக்கனை நேசிக்கிறேன் என்பதற்காக இதை முழுங்கிவிட்டுப் பேச என்னால் முடியாது. அதே நாற்காலியில் அவர் இருந்தபோதுதான், 1964-இல், இந்த மாநிலத்தில் லஞ்ச ஒழிப்புத் துறையே உருவானது. இதையும் சேர்த்து எழுதி வையுங்கள். காலையில் "ச்சு" கொட்டினவர்கள் வசதியாக மறந்துபோகிற வரி இது. ஏன் மறக்கிறார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனை காரில் வந்தார்கள் என்று தும்பைப்பட்டிக்காரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிற என் மச்சான் பதினேழு வரைக்கும் எண்ணிவிட்டு விட்டுவிட்டான்!

பிழைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். பிழைக்கட்டும். ஆனால் கக்கனைப் பார்த்து இரக்கப்படுகிற வேலையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இரக்கப்பட்டுவிட்டால் பின்பற்ற வேண்டியதில்லை பாருங்கள், அந்த வசதிக்காகத்தான்.

ஆஸ்பத்திரிக் கதை சொல்லாமல் இறங்கினால் விட மாட்டீர்கள் என்று தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மதுரை அரசு ஆஸ்பத்திரிக்கு, அங்கே படுத்திருந்த மதுரை முத்து என்கிற அரசியல்வாதியைப் பார்க்க வருகிறார். கக்கனும் அங்கேதான் இருக்கிறார், பொது வார்டில், சனத்தோடு சனமாக. தெரிந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கிறார். வேறு கட்சி முதலமைச்சர். தனி அறைக்கு மாற்றுகிறேன் என்கிறார். இவர் வேண்டாம் என்கிறார். அவ்வளவுதான் கதை. இதை அழுதுகொண்டே சொல்கிறார்கள். நான் அழ மாட்டேன். தான் நடத்திய அரசாங்கத்தின் ஆஸ்பத்திரி தனக்கும் போதும் என்று நம்பிய மந்திரி அவர். இன்றைக்கு எந்த மந்திரி அந்த வார்டில் படுப்பார்?

கடைசியாக எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன் தலைவரே.

1981 டிசம்பர் 23. கக்கன் இறந்த நாள். கண்மாயில் தண்ணீர் கிடந்த மாதம். நான் டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு மடைக்கு ஓடினேன். அப்பா முழங்கால் தண்ணீரில் மண்வெட்டியோடு நிற்கிறார். சொன்னேன். ஊரில் பெரிய சாவு விழுந்தால் மடையை மூடிவிட்டு வருவதுதான் வழக்கம். நான் மூடப் போனேன். "விடுடா, தண்ணி ஓடட்டும்" என்றார். கரையேறி வந்து மடைக்கல்லில் உட்கார்ந்தார். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

அப்புறம், பதினான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "அறுபத்தேழுல நான் அவருக்குப் போடலடா."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் காலுக்குக் கீழே மடைவாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.