கைபார்த்துக் கட்டிய கேசவ ராஜு

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நாம் வாழும் இச் சால்ட் லேக், விதான் நகர் என்றும் வழங்குகிறது. மருத்துவராகவும் மேற்கு வங்க முதலமைச்சராகவும் விளங்கிய டாக்டர் விதான் சந்திர ராயின் பெயர் அது. மருத்துவர் பெயரை ஊர் தாங்கும் இவ்விடத்தில், ஊர்ப்பெயரைத் தாங்கிய ஒரு மருத்துவத்தையும் அதனைத் தந்தவரையும் நினைவு கூர்வது பொருத்தமே.

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியிலுள்ளது புத்தூர். அதனையடுத்த ஈசுவராபுரம் என்னும் சிற்றூரினர் கேசவ ராஜு. வேட்டை இறைச்சியைப் பச்சிலையில் சுற்றிவைத்தபோது வெட்டுண்ட எலும்பு கூடியிருக்கக் கண்டு, அவ்விலையைக் கொண்டே மருத்துவம் தொடங்கினார் என்பது செவிவழிக் கதை. கதை எவ்வாறாயினும், 1881 முதல் அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப்பட்டு வருகிறது என்பர். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தது 1895இல் அன்றோ! அதுவரை முறிந்த எலும்பைக் காணும் கண்கள் விரல்களே.

விரலால் தடவி முறிவை அறிந்து, எலும்பை நேர்நிறுத்தி, பச்சிலைச் சாறும் முட்டை வெண்கருவும் இட்டு, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் கட்டுவதே அம்முறை. அவர் வழியினர் அதனைத் தொடர்ந்தனர். இன்று தமிழகத்துச் சிற்றூர்களிலும் 'புத்தூர் கட்டு' என்ற பலகையைக் காணலாம். ஆனால், பலகை எழுதியோர் அனைவரும் அக்கையின் பயிற்சி பெற்றவரல்லர்.

இங்கே இங்கிலாந்தின் வரலாறு ஒன்று நினைவிற்கு வருகிறது. லிவர்பூலில் ஈவான் தாமஸ் என்பார் வழிவழியாக எலும்பு கட்டுபவர். பட்டம் பெறாதவர் என்று அவர்மேல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவரோ மனங்கசந்து ஒதுங்கவில்லை. தம் மைந்தர் ஐவரையும் மருத்துவம் கற்கச் செய்தார். அவருள் ஒருவரான ஹியூ ஓவன் தாமஸ், குடும்பக் கைத்திறனைக் கல்வியோடு இணைத்துக் காலுக்கு ஒரு தாங்கு கருவி அமைத்தார். முதல் உலகப் போரில் எண்ணற்ற வீரரின் உயிரைக் காத்தது அது. மறைத்து வைத்த கலை ஒரு குடும்பத்தை வாழ்விக்கும். எழுதி ஆராய்ந்த கலையோ உலகை வாழ்விக்கும்.

அன்பர்களே, நம் பிள்ளைகள் விழுந்து அடிபட்டால், பாட்டியின் நம்பிக்கைக்கும் மருத்துவமனையின் கட்டளைக்கும் இடையே நாம் தடுமாறுவதுண்டு. முதலில் எக்ஸ்ரே எடுப்போம். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருப்பின் சற்றும் தாமதியாது மருத்துவமனை சேர்ப்போம். யார் போட்ட கட்டாயினும், விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வலி மிகுந்தாலோ உடனே அவிழ்க்கச் செய்வோம். இறுகிய கட்டு குருதியோட்டத்தைத் தடுத்து உறுப்பையே இழக்கச் செய்யும்.

இவ்வாறு சொல்வது கேசவ ராஜுவைக் குறைத்துப் பேசுவதன்று. மருத்துவர் எட்டாத் தொலைவிலிருந்த காலத்தில், வலியோடு வந்த உழவனுக்கு ஆறுதல் தந்த கை அது. அக்கையை வணங்குவோம், அதனினும் தெளிவாகக் காணும் கருவியையும் ஏற்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!